பதினான்காவது தட்டல்

அம்மா இருபத்தெட்டு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். பெரிய மருத்துவமனையின் தரைத்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்கும் துணி துவைக்கும் அறைக்கும் நடுவில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. அந்த அறையை வேறு யாரும் கேட்டதில்லை. அம்மாவுக்கு ஜன்னல் இல்லாதது ஒரு குறையில்லை. நான்கு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குப் பார்வை போய்விட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரியும், அதுவும் ஒரு கண்ணில்.

மருத்துவமனைக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அந்த அறைக்கு வந்துதான் பிரிந்து போகும். அறுநூற்றுப் பன்னிரண்டு உள் எண்கள். அத்தனையும் மனப்பாடம். அங்கே அவளுக்குப் பெயர் 'டைரக்டரி'. வயதில் சின்னவர்களுக்கு 'டைரக்டரி அக்கா'.

தலைமை அறுவை மருத்துவர் போனை எடுத்தால் "நான்தான்" என்று மட்டும் சொல்வாராம்.

"எந்த நான் சார்? இங்க நிறைய நான் இருக்காங்க."

"என் குரல் தெரியலையா?"

"குரல் தெரியுது சார். பேரையும் சொன்னீங்கன்னா கொஞ்சம் மரியாதையா இருக்கும்."

யாருக்கு மரியாதை என்று அவர் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பெயரைச் சொன்னார்.

அப்பா அதே கட்டடத்தில் லிப்ட் ஆபரேட்டர். ஒருநாள் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்றுபோனது. உள்ளே இருந்த அவசரத் தொலைபேசியின் அழைப்பு நேராக அம்மாவின் இணைப்புப் பலகைக்கு வந்தது. நாற்பது நிமிடம் பேசினார்கள். கதவைத் திறந்த மெக்கானிக்கிடம், "அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று அப்பா கேட்டதாக அம்மா சொல்வாள். அப்பா அதை மறுத்ததில்லை. நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவர் இறந்தார். பிறகு நானும் அம்மாவும்தான். பக்கத்துத் தெருவில் சித்தி.

அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டது ஒன்றே ஒன்று. இருபத்தெட்டு வருடத்தில் ஓர் அழைப்பைக்கூட அவள் தவறான இடத்துக்குக் கொடுத்ததில்லை.

நான் மென்பொருள் பொறியாளர். வலைத்தளங்களின் பின்பக்கம், அதாவது சர்வரில் ஓடும் பகுதி, என் வேலை. அம்மா ஓய்வுபெற்று நான்கு வருடம் ஆனபோது, அந்த மருத்துவமனையின் வலைத்தளம் பராமரிப்புக்காக எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. பழைய தளம். எழுதியவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். புதிதாக எழுத மருத்துவமனை தயாராக இல்லை. ஆனால் பார்வையில்லாதவர்களும் பயன்படுத்தும்படி தளம் மாற வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது.

அம்மாவே அந்தத் தளத்தைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் குடலில் ஒரு கட்டியை எடுத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். போவதற்கு இரண்டு நாள் முன்னால் தளத்துக்குள் போய் வருகையை உறுதி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

பார்வையில்லாதவர்கள் மௌஸைத் தொடுவதில்லை. டேப் விசையைத் தட்டினால் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒவ்வொரு பட்டனுக்கும் வரிசையாகப் போகலாம். ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் அதன் பெயரைப் படித்துச் சொல்லும். பெயர் வைத்திருந்தால் சொல்லும். இந்தத் தளத்தில் பட்டன்கள் எல்லாம் வெறும் படங்கள், ஒன்றுக்கும் பெயரில்லை. அம்மாவின் கணினி "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லும். அதனால் அவள் எண்ணினாள். முதல் முறை ஒரு வார்டு கிளார்க்கைப் பக்கத்தில் உட்காரவைத்து எது எத்தனையாவது என்று கேட்டுக்கொண்டாள். பதினான்கு தட்டு தட்டினால் உறுதி செய்யும் பட்டன். பதினைந்தாவது ரத்து.

நான் ஒருமுறை பார்த்தேன். மூன்று நொடி. பதினான்கு தட்டு, இரண்டு என்டர். கணினி முதல் சொல்லை முடிப்பதற்குள் அவள் வேலை முடிந்துவிட்டது.

"அம்மா, இது வெப்சைட்டா மாடிப்படியா?"

"மாடிப்படிதான். கண்ணு தெரியிற நீ மட்டும் ஒவ்வொரு படியையும் பாத்துப் பாத்தா ஏறுற?"

ஆகவே அவள் எண்ணுகிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

தளத்தைத் தொடாமல் சரிசெய்ய வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, பக்கத்தின் மேல் மிதக்கும் உதவிப் பட்டன் ஒன்றை ஒட்டுவது. அம்மாவிடம் கேட்டேன். "அந்தப் பட்டனைத் தேடிப் பிடிக்கிறதுக்கு யாருடி பட்டன் வெப்பா?" என்றாள். அது அங்கேயே முடிந்தது. இன்னொரு வழி, பக்கம் சர்வரிலிருந்து கிளம்பி வெளியே போவதற்கு முன் நடுவில் நின்று திருத்தும் மென்பொருள். அப்படி மூன்றை எடுத்துச் சோதித்தேன். ஆறு வாரம். சோதனைப் பிரதியை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியில் ஓடவிடுவேன். அம்மா தட்டிக் கேட்டுச் சொல்வாள். நான் எழுதிக்கொள்வேன்.

முதலாவது தானாகவே படத்தைப் பார்த்துப் பெயர் வைக்கும். தானியங்கிப் பரிசோதனையில் அதற்குத்தான் அதிக மதிப்பெண். இதய நோய்ப் பிரிவின் படத்துக்கு அது வைத்த பெயர் 'சிவப்புப் பழம்'.

"ஹார்ட் டாக்டரப் பாக்கப் போனா பழம் தருவாங்களா?" என்றாள் அம்மா. "தப்பா சொல்றதுகூடப் பரவாயில்லடி. எவ்வளவு தைரியமா சொல்லுது பாரு."

இரண்டாவது எதையும் ஊகிக்காது. பக்கத்தின் மொழி, தலைப்புகளின் வரிசை இவற்றைச் சரிசெய்துவிட்டு, பட்டன்களைத் தொடாமல் ஒரு குறைப் பட்டியலை நம் கையில் கொடுக்கும். அம்மா அதற்கு 'மேலதிகாரி' என்று பெயர் வைத்தாள்.

மூன்றாவதற்கு விதிகளை நாமே எழுத வேண்டும். இந்தப் பக்கத்தில் இந்தப் படத்துக்கு இந்தப் பெயர் என்று ஒவ்வொன்றாக. நூற்றுத் தொண்ணூறு விதிகள் எழுதினேன். பெயர்களை அம்மா சொன்னாள். 'வருகைப் பதிவை உறுதிப்படுத்துக' என்று நான் எழுதியதை வெட்டி 'வருகிறேன்' என்று போடச் சொன்னாள். உள்ளே ஒன்றுமில்லாத வெற்று இணைப்புகளையும் அது துடைத்துவிடும். எப்போதோ எடுத்துவிட்ட விளம்பரங்களின் எலும்புக்கூடுகள் அவை. பக்கம் நாற்பது மில்லிநொடி தாமதமாக வரும். யாருக்கும் தெரியாது.

மூன்றாவதைச் சோதித்தபோது அம்மா ஓரிடத்தில் நின்றாள்.

"இங்க சும்மா லிங்க்குன்னு ஒண்ணு சொல்லும். அது எங்க போச்சு?"

"அது குப்பைம்மா. எடுத்தாச்சு."

"குப்பைதானா? போகட்டும்."

இரண்டு பேரும் அடுத்த பட்டனுக்குப் போய்விட்டோம்.

அறிக்கையில் ஓர் ஒப்பீட்டு அட்டவணை போட்டேன். துல்லியம், வேகம், பராமரிப்பு. கடைசி நெடுவரிசையின் தலைப்பு, 'பயனர் செய்ய வேண்டியது'. மூன்றுக்கும் நேராக ஒரே சொல்லை எழுதினேன்: ஒன்றுமில்லை. சர்வரில் செய்வதன் பெரிய வசதி அது என்று கீழே ஒரு பத்தியும் எழுதினேன். யாருக்கும் தெரியாமலே எல்லோருக்கும் தளம் மாறிவிடும்.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஒரு திங்கட்கிழமை நடைமுறைக்கு வந்தது. வீட்டில் சொன்னேன். அம்மா சித்தியிடம் போனில் பீற்றிக்கொண்டாள். மாற்றம் அவள் காதுக்குத் தெரிந்திருந்தது. விரலுக்குத் தெரியவில்லை.

அந்த முறை ஸ்கேன் தள்ளிப்போனது. ஒன்பது வாரம். "தேதிய மாத்திட்டாங்கடி" என்று அம்மா சொன்னாள். நான் மருத்துவமனையைத் திட்டினேன். அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ஒன்பது வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் மூன்று இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தாள்.

கடைசி மாதம் அங்கேயே மூன்றாவது மாடியில் படுத்திருந்தாள். நர்ஸ்கள் காலடிச் சத்தத்தை வைத்து யாரென்று சொல்லச் சொல்லி அவளிடம் பந்தயம் கட்டுவார்கள். அவளே ஜெயிப்பாள். ஒரு மதியம் கேட்டாள்.

"உன் வெப்சைட்டு எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுதும்மா. ஒரு புகார்கூட இல்ல."

"ம். நல்லது."

அவள் இறந்து இருபத்துமூன்றாவது நாள், துணிகளைப் பிரித்துக் கட்ட சித்தி வந்தாள். அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்து மடித்துக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள்.

"ஒண்ணு சொல்லணும். சொல்லக்கூடாதுன்னு உங்கம்மா சத்தியம் வாங்கிட்டா. அவளே போயிட்டா, இனி என்ன சத்தியம்."

"சொல்லு சித்தி."

"அந்த ஸ்கேன் தேதிய ஆஸ்பத்திரில மாத்தல. இவதான் ரத்து பண்ணிட்டா. கை தவறி. வெள்ளிக்கிழமை நாங்க ரெண்டு பேரும் போய் நிக்கிறோம், கவுண்டர்ல அந்தப் பொண்ணு 'நீங்களேதான் ரத்து பண்ணியிருக்கீங்க'ன்னு சொல்லுது. இவளுக்கு முகமே செத்துப் போச்சு."

நான் அன்று அலுவலகத்தில் இருந்தேன். மருத்துவமனை நிர்வாகத்தினர் வந்து எங்களைப் பாராட்டிய கூட்டம்.

"ஒரு போன் போட்டாப் போதும், டைரக்டரிக்கு யாருடி இல்லன்னு சொல்லுவா? நான் அங்கேயே கத்துனேன். 'யாரையும் வரிசையத் தாண்டி நான் விட்டதில்ல, எனக்கு மட்டும் என்ன'ன்னுட்டா. ஆட்டோல வரும்போது திரும்பத் திரும்ப ஒண்ணையே சொல்லிட்டு வந்தா. 'பதினாலுதான் தட்டுனேன். எண்ணித்தான் தட்டுனேன்'னு. என்னடி அது பதினாலு?"

மடிக்கணினியைத் திறந்தேன். அம்மாவின் கணக்கில் நுழைந்து டேப்பைத் தட்டினேன். பதின்மூன்றாவது தட்டலில் "வருகிறேன்" என்றது. பதினான்காவதில் "ரத்து செய்" என்றது. தெளிவாகச் சொன்னது. அந்தப் பெயரும் நாங்கள் இருவரும் சேர்ந்து வைத்ததுதான்.

ஒரு வெற்று இணைப்பைத் துடைத்ததால் எல்லாம் ஒரு படி மேலே ஏறியிருந்தது. அவள் நின்று கேட்டிருந்தால் காதில் விழுந்திருக்கும். மூன்று வருடமாக அந்தப் பட்டன்களில் கேட்க ஒன்றும் இருந்ததில்லை. என்டரைத் தட்டியதும் 'நிச்சயமா?' என்று ஒரு பெட்டி வரும். உறுதி செய்தாலும் ரத்து செய்தாலும் அதே ஒரு சொல். அந்தப் பெட்டி உலாவியில் தோன்றுவது, சர்வரில் நிற்கும் மென்பொருளுக்கு எட்டாது. அதற்கும் என்டர் தட்டியிருக்கிறாள்.

மறுநாள் சர்வர் பதிவுகளை எடுத்தேன். புதன்கிழமை காலை பத்து நாற்பத்திரண்டு, ரத்து. அது எதிர்பார்த்தது. எதிர்பார்க்காதது அதற்குக் கீழே இருந்தது. வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து திரும்பியவள், சனியும் ஞாயிறும் அந்தப் பக்கத்தைப் பதினேழு முறை திறந்திருக்கிறாள். ஒரு முறைகூட எதையும் அழுத்தவில்லை.

பதிவேடு மனதில் ஓடியதைச் சொல்லாது. ஆனால் ஒரு பக்கத்தைப் பதினேழு முறை திறந்து ஒன்றும் செய்யாமல் மூடுகிறவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். கை தவறவில்லை என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். என்ன மாறியது, யார் மாற்றியது என்றும் தெரிந்திருக்கும். அதற்கப்புறம்தான் சித்தியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். ஒன்பது வாரம் முன்னாலேயே ஸ்கேன் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் கோப்பைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சொல்ல முடியாதும்மா. மாறியிருக்கலாம். மாறாமலும் போயிருக்கலாம்."

அந்த இரண்டு வாக்கியங்களில் எதையும் என்னால் அழிக்க முடியவில்லை.

அலுவலகத்துக்குப் போய் எங்கள் மேனேஜரிடம், அந்த மென்பொருளை எடுத்துவிடப் போகிறேன் என்றேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் டெட்லைன். எல்லாவற்றுக்கும் அவசரப்படுகிறவர் அன்று அவசரப்படவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"எடுக்கிறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு வரிதான் சார்."

"அந்த வெத்து லிங்க்க மட்டும் திரும்ப வெச்சா?"

"பழைய எண்ணிக்கை வந்துடும். பதினாலு."

"இந்த ஏழு மாசத்துல யாராவது பதிமூணுக்குப் பழகியிருந்தா?"

"பழகியிருப்பாங்க சார்."

"போடும்போது யாரையும் கேக்கல. எடுக்கும்போதாவது கேட்டுட்டு எடும்மா."

துணைக்கு ஆள் தேவை என்று பதிவின்போது குறித்திருக்கும் பார்வையில்லாத நோயாளிகளின் பட்டியலை மருத்துவமனை கொடுத்தது. தளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் அம்மாவோடு சேர்த்து முப்பத்தொரு பேர். அவர்கள் செய்த ரத்துகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். மென்பொருளைப் போடுவதற்கு முந்தைய ஒரு வருடத்தில் இரண்டு. நடைமுறைக்கு வந்த வாரத்தில் மட்டும் நான்கு, அம்மாவையும் சேர்த்து. அதற்கு அடுத்த ஏழு மாதத்தில் ஒன்றுகூட இல்லை.

அந்தப் பூஜ்யம் எனக்குப் புரியவில்லை. தெரியாமல் நடக்கும் தவறு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும். அடிபட்டவர்கள் கற்றுக்கொள்வார்கள், மற்றவர்கள் அடிபடுவார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமையோடு மொத்தமும் நிற்காது.

பட்டியலில் முதல் எண்ணைப் போட்டேன். ஓய்வுபெற்ற பள்ளி எழுத்தர், ஒரு பெண்மணி. மருத்துவமனை வலைத்தளம் விஷயமாகப் பேசுகிறேன் என்று ஆரம்பித்தேன்.

"இரு இரு. நீ டைரக்டரி அக்கா பொண்ணா?"

"ஆமாங்க. எப்படி..."

"அதே குரல். அக்கா மாதிரியேதான் 'மருத்துவமனை'ங்கிறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுற. சொல்லும்மா."

சொல்ல ஆரம்பித்தேன். எண்ணிக்கை மாறியது, நாங்கள் யாருக்கும் அறிவிக்காதது. அவர் நடுவிலேயே மறித்தார்.

"அதெல்லாம் அக்கா அப்பவே சொல்லிட்டாங்களே."

"எப்போ?"

"ஒரு ஞாயித்துக்கிழமை. எனக்குப் பதினாலு சொல்லிக் குடுத்ததே அக்காதானே? ரிட்டயர் ஆனப்புறமும் எங்களுக்கு ஒண்ணு தெரியலன்னா அவங்களுக்குத்தான் போன் போடுவோம். எங்க கூட்டத்துல எல்லாருக்கும் அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. அன்னிக்கு அவங்களே கூப்பிட்டு, 'மன்னிச்சிருங்க, நான் குடுத்த நம்பர் தப்பாயிடுச்சு'ன்னாங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

"இனிமே எண்ணாதீங்க, நின்னு கேளுங்க, இப்ப பேர் சொல்லுதுன்னாங்க. ஒவ்வொரு பேரும் நல்லா இருக்கும், அவசரப்படாமக் கேளுங்கன்னாங்க. மன்னிப்பு எதுக்குக்கா, வெப்சைட்டுக்காரன்ல கேக்கணும்னு நான்கூடச் சொன்னேன்."

அவர் சிரித்தார். பிறகு, "அக்கா எப்படி இருக்காங்க? ரொம்ப நாளா போனே இல்ல" என்றார்.

சொன்னேன்.

அன்று மதியத்துக்குள் பன்னிரண்டு பேரிடம் பேசினேன். பத்துப் பேரை அம்மா ஏற்கெனவே அழைத்திருந்தாள். அவளை அறியாத இரண்டு பேருக்கு நான் எல்லாவற்றையும் விளக்கினேன். அறிந்த பத்துப் பேரும் கடைசியில் அவளை விசாரித்தார்கள். நான்கு ரத்துகளில் இன்னொன்று ஒரு பியானோ பழுதுபார்ப்பவருடையது. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்குப் பல்லுதாம்மா. ஒரு வாரம் கூட வலிச்சுது, அவ்வளவுதான். அக்கா என்கிட்ட, 'உன்னோடது போச்சா, என்னோடதும் போச்சு'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. அவங்களுக்கு என்ன வைத்தியம்னு கேட்டேன். 'சும்மா ஒரு செக்கப்'னாங்க."

நான் பேசவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. காதால் வாழ்கிறவர்களிடம் மௌனத்தை மறைக்க முடியாது.

பிறகு, எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பழையபடி மாற்றிவிடட்டுமா என்று.

"வேண்டாம்மா" என்றார் உடனே. "தயவுசெஞ்சு கை வெக்காதீங்க. வாழ்க்கையில முதல் தடவையா எந்த பட்டன்ல நிக்கிறேன்னு தெரியுது. திரும்பவும் எண்ணச் சொல்லாதீங்க."

"சரி. மாத்த மாட்டேன்."

"மாத்துறதா இருந்தா முன்னாடியே ஒரு போன் பண்ணுங்க."

"பண்றேன்."

அவர் வைத்துவிட்டார். மேனேஜருக்கு இரண்டு வரியில் எழுதினேன்: எடுக்கவில்லை, இனி எந்த மாற்றமும் இந்த முப்பது பேருக்குப் போனில் சொல்லாமல் நடைமுறைக்கு வராது, அந்த வேலை என்னுடையது. பட்டியலில் இன்னும் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அம்மாவை விசாரிப்பார்கள் என்று தெரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த எண்ணைப் போட்டேன்.